இரண்டு தரம் கழித்த மழை

அந்தக் கம்பனியில் புதிதாகச் சேரும் எஞ்சினியர்மார் முதல் நாளே கொஞ்சம் ஆடிப்போய்விடுவார்கள். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் மண்டையை உடைத்துப் படித்து, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு, இனிக் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான் என்று வந்தவர்கள். அவர்களை ஒரு மெலிந்த பெண் வரிசையாக நிற்கவைப்பாள். முதல் ஆள் கையில் ஏழு கிலோ சீனியைப் பொதி பொதியாக ஒரு சாக்கில் போட்டுக் கொடுப்பாள். "வாங்கிக்கங்க. நீங்க என்ன செய்வீங்கன்னு சத்தமாச் சொல்லுங்க. செஞ்சிட்டு அடுத்தவங்க கையில குடுங்க" என்பாள்.

சிரிப்பவர்கள் உண்டு. 'எங்கே பிடித்தார்கள் இந்த அக்காவை' என்று காதோடு காது கேட்பவர்களும் உண்டு. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். ஏனென்றால் அந்த நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தன் குழுவின் வேலை மட்டுமல்ல, பக்கத்துக் குழுவின் வேலையும் விளங்கியிருக்கும். 2008ஆம் ஆண்டில் அந்தக் கம்பனியில் நூற்றுநாற்பது எஞ்சினியர்கள் இருந்தார்கள். ஐந்து குழு, மூன்று ஊர். தேயிலைத் தோட்டங்களுக்கான சொப்ட்வெயார் அவர்களுடையது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொடங்கி ஏலத்துக்குப் பெட்டி போகும்வரை எல்லாம் அதற்குள் அடக்கம். அவ்வளவு பெரிய அமைப்பை அரைநாளில் விளங்கவைக்கிற வித்தையை அந்த மெலிந்த பெண், புஷ்பராணி, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. யாராவது கேட்டால், "அத நான் கண்டுபிடிக்கலங்க. அதுக்கு நாலஞ்சு பேருக்கு நான் நன்றி சொல்லணும்" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

முதல் நன்றி கருப்பம்மாவுக்கு.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே மேட்டுச்சோலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஓர் அறைக் காம்பிராவில் பிறந்த இரண்டு பெண்களில் கருப்பம்மா மூத்தவள். தகப்பன் இராமையா முன்பே போயிருந்தார்; தாயும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மூத்தவளுக்குப் பதினாறு, இளையவள் புஷ்பராணிக்குப் பதினொன்று. அது 1991. வீட்டில் ஒருத்தி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலைமை. "எனக்குப் படிப்பு ஏறல. கணக்குன்னாலே தல சுத்துது. தங்கச்சி படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கருப்பம்மா கூடையை மாட்டிக்கொண்டாள். பச்சைப் பொய். காலை, மத்தியானம், சாயந்தரம் என்று மூன்று நிறுவையையும் மனதிலேயே கூட்டி, மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை சொல்வதற்கு முன்பே தன் தொகையைச் சொல்லிவிடுகிறவளுக்கா கணக்கு வராது? அந்தப் பொய்யின் புண்ணியத்தில்தான் புஷ்பராணி உயர்தரம் வரை படித்தாள். நாலு புள்ளியில் பல்கலைக்கழகம் தவறியது. அழுது முடித்துவிட்டு, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் படிப்புக்குப் போனாள். 2001இல் அதே ஊரில், இத்ரூஸ் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பனிக் கிளையில் வேலை கிடைத்தது.

வேலை என்ன என்று கருப்பம்மா கேட்டாள். "மத்தவங்க செஞ்சு முடிச்சத நான் சோதிச்சுப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போடணும்க்கா" என்றாள் புஷ்பராணி.

"அப்ப நீ கங்காணி மாதிரின்னு சொல்லு" என்றாள் கருப்பம்மா. லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

இந்த இடத்தில் தோட்டத்துப் 'பேர்' பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்பார்கள். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மேட்டுச்சோலையில் அப்போது அளவு பதினாறு கிலோ. வெயிலோ மழையோ, அட்டைக்கடியோ இடுப்பு வலியோ, பதினாறு வந்தால்தான் அன்றைக்கு ஆள் வேலைக்கு வந்ததாக அர்த்தம். கருப்பம்மாவுக்கு அரைப்பேர் விழுவது அபூர்வம். அப்படி விழுந்த நாளில் யாரோடும் பேசமாட்டாள்.

இன்னொன்று ஈரக் கழிவு. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிறைகாட்டும். அதனால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், பறித்தவள் கண் முன்னாலேயே, ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழிப்பார்கள். அதற்கு யாரும் சண்டைக்குப் போவதில்லை. தண்ணீருக்குப் பேர் கேட்பது நியாயமில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

2005 ஜூலையில் பதுளைக் குழு ஒரு சின்னக் கைமெஷின் செய்து முடித்தது. இனிக் கணக்கப்பிள்ளை மடுவத்தில் நின்று புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை. மெஷினில் தட்டினால் போதும், சாயந்தரம் அது ஸ்டோர்க் கம்பியூட்டருக்குப் போய்விடும். ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்வது தேயிலை ஆலையை. புஷ்பராணி அந்த மெஷினை மூன்று வாரம் சோதித்தாள். மழை என்று ஒரு பொத்தான் இருந்தது. ஏழு கிலோ போட்டு, மழைப் பொத்தானை அழுத்தினால் ஆறு காட்டியது. மிகச் சரி. மேட்டுச்சோலையிலும் பத்து நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஊவா மாகாணத்தில் ஆகஸ்ட் மாதம் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை: காற்று ஆளைத் தூக்கும், வானத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் இராது. பத்து நாளும் கணக்கு ஒரு கிலோகூடப் பிசகவில்லை. புஷ்பராணி 'சரி' என்று கையெழுத்துப் போட்டாள்.

ஐப்பசியில் மழை வந்தது.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புஷ்பராணி லயத்துக்குப் போனாள். கருப்பம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு, மாதச் சீட்டை எடுத்துப் போட்டாள்.

"ஒம்பது அரப்பேரு. எனக்கு. ஒம்பது."

"மழைதானேக்கா..."

"மழ எனக்குத் தெரியாதா? பதினாலு வருசமா மழையிலதான் நிக்கிறேன். ஒரு நாளைக்கு இருபத்தொண்ணு எடுத்திருக்கேன். ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழிச்சா மூணு போகும். பதினெட்டு வரணுமா, வரக்கூடாதா? எனக்கு மட்டுமில்ல, இந்த லயத்துல ஒருத்திக்கும் சரியா வரல. கணக்கப்பிள்ள மாரிசாமிகிட்ட கேட்டா, 'கம்பியூட்டர்ல அப்பிடித்தான் வந்திருக்கு'ங்கிறாரு." கருப்பம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டி, அது ஒங்க கம்பியூட்டரா?"

புஷ்பராணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அது அவர்களுடைய கம்பியூட்டர்தான். அதைவிட, சரி என்று எழுதியிருந்த கை அவளுடையது. அக்காவிடம் அதை மட்டும் அன்றைக்கு அவளால் சொல்ல முடியவில்லை. "பாக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கைமெஷினைத் திரும்பச் சோதித்தாள். ஏழு போட்டால் ஆறு. சரி. கொழும்பில் ஸ்டோர்க் குழுவுக்கு எழுதினாள். அந்தக் குழுவின் தலைவி நளீரா, பண்டாரவளைப் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி. அவள் தன் பகுதியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் போட்டாள்: எங்கட பக்கம் சரி. பேர் தீர்மானிக்கிற குழு: சரி. அறிக்கைக் குழு: சரி. ஏலக் குழு: எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை, ஆனாலும் சரி. ஐந்து சரி சேர்ந்து ஒரு பிழை. இதற்கு மேல் யாரைக் கேட்பது?

கேட்க ஒரு படம் இருந்தது. கம்பனியின் தலைமை வடிவமைப்பாளர் பிரவீணன், யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு வருடம் இருந்து கீறிய படம். முழு அமைப்பும் அதில் உண்டு. இருநூற்றுப் பதினாலு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர், இடையில் அம்புக்குறிகள். கொழும்பு அலுவலகத்தின் சுவர் ஒன்றை முழுதாக அடைத்துக்கொண்டு தொங்கியது. பதுளைக்கும் ஒரு பிரதி வந்து மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தப் படத்தில் இல்லாதது ஒன்றுமில்லை. ஒரே குறை, அதைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் தான்தான் மக்கு என்று ஆகிவிடுமே என்று ஒவ்வொருவரும் தலையாட்டிக்கொண்டு போனார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இன்றைக்கு என்ன கறி என்று மோந்தே சொல்லிவிடலாம். இங்கே பக்கத்துக் குழு என்ன செய்கிறது என்று வருடக்கணக்காக யாருக்கும் தெரியாது.

புஷ்பராணி மாடிப்படியில் நின்று, அக்காவின் கொழுந்தை ஒரு விரலால் தொடர்ந்து போகப் பார்த்தாள். முப்பதாவது பெட்டியில் விரல் வழி தவறியது. மறுபடி முதலிலிருந்து. இருபத்தாறில் தவறியது. பிரவீணனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எல்லாம் படத்திலை கிடக்குது பிள்ளை" என்றார் அவர். "நான் வடிவாக் கீறி வச்சிருக்கிறன். ஆறுதலாய்ப் பாருங்கோ, விளங்கும்."

"கொழுந்து போற வழி தெரியலீங்க சேர்."

"கொழுந்தோ?" மனிதர் உண்மையாகவே திகைத்துப்போனார். "கொழுந்து எண்டு அதிலை ஒண்டும் இல்லையே. அது தரவு."

தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மேட்டுச்சோலையில் வேலை படித்த ஒருவரும் படம் பார்த்துப் படிக்கவில்லை. பறித்தவள் கூடையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், நிறுக்கிறவர் நிறுத்துச் சாக்கில் போடுவார், லொறி ஸ்டோருக்குக் கொண்டுபோகும், அங்கே வாட்டுவார்கள், அரைப்பார்கள். சாக்குக்குப் பின்னாலேயே நடந்து போனால் ஒரு பகலில் தோட்டம் முழுவதும் விளங்கிவிடும். இந்தச் சொப்ட்வெயாருக்கு அப்படி யாரும் ஒரு நாளும் பின்னால் நடந்து பார்த்ததில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை நவம்பர் கடைசியில் எல்லாக் குழுவும் ஓரிடத்தில் கூடுவது வழக்கம். அந்த வருடம் பதுளையின் முறை. நகரசபைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை மண்டபம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் எழுபது பேர் ரயிலில் வந்து இறங்கினார்கள். புஷ்பராணி கிளை மேலாளரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கினாள்.  பிழை வெளியே வந்தால் கூடவே அவள் கையெழுத்தும் வரும். பிழையாகக் கையெழுத்துப் போட்ட சோதனைக்காரிக்கு வேறு எங்கே வேலை இருக்கிறது? திரும்பவும் மலைக்குத்தான். அக்கா எதற்காகக் கூடையை மாட்டினாளோ அது எல்லாம் வீணாகிவிடும். இப்படி நினைத்து நினைத்துத்தான் கேட்கப் போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தாள். கடைசியில் அவளைத் தள்ளியது அந்தச் சீட்டில் இருந்த ஒன்பதுதான்.

கீழ்க் கடை இத்ரூஸ் நானாவிடம் போய், "இருபத்தொரு கிலோ சீனி, கிலோக் கிலோவாக் கட்டினது, அரைநாளைக்குக் கடனாக் குடுங்க நானா" என்று கேட்டாள்.

"சீனி கடனா? அரைநாளைக்கா?" என்றார் அவர். முப்பது வருட வியாபாரத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். "ஒரு பொதி கிழிஞ்சாலும் இருவத்தொண்டும் நீங்கதான் எடுக்கோணும், சொல்லிட்டேன்." சொன்னாரே தவிர, சாக்கைத் தானே சுமந்துகொண்டு மண்டபம் வரை வந்தார். வந்தவர் போகாமல் வாசலில் நின்றும் கொண்டார்.

மண்டபத்தில் புஷ்பராணி ஐந்து குழுவிலிருந்தும் ஒவ்வொருவரை எழும்பி வரச் சொன்னாள். "நான் கொழுந்து பறிக்கிறவ. நீங்க உங்க குழு. என்ன வாங்குறீங்க, என்ன செய்றீங்க, யார்கிட்ட குடுக்கிறீங்க, இவ்வளவுதான் சொல்லணும். இங்கிலீஷ்ல பெட்டிப் பேரு சொல்லக்கூடாது." பதுளைக் குழுவுக்குச் சேந்தன் வந்தான், கைமெஷினைச் செய்தவன் அவன்தான். ஸ்டோர்க் குழுவுக்கு நளீரா. பேர்க் குழுவில் கூச்சத்தில் ஒருவரும் எழும்பவில்லை. பிரவீணனே சிரித்துக்கொண்டு எழும்பி வந்து அந்த இடத்தில் நின்றார்.

முதல் முறை வெயில் நாள். ஏழு பொதி புஷ்பராணியின் கையிலிருந்து புறப்பட்டு, ஏழும் ஏழாகவே கடைசிவரை போனது. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"இப்ப மழை" என்றாள் புஷ்பராணி. வெளியிலும் உண்மையாகவே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

சேந்தன் ஏழு வாங்கினான். "ஈரக் கழிவு ஒரு கிலோ" என்று சொல்லி, ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தான். ஆறை நளீராவிடம் கொடுத்தான்.

நளீரா சாக்குக்குள் கையை விட்டாள். "நாங்க வாங்குறது கொழுந்து. மழை நாளெண்டா ஒரு கிலோ..." என்று சொல்லிக்கொண்டே ஒரு பொதியை வெளியே எடுத்தவள், அப்படியே நின்றாள். கையில் ஒரு பொதி. மேசையில் சேந்தன் வைத்த இன்னொரு பொதி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எடுத்திட்டீங்களா?" என்று சேந்தனைக் கேட்டாள்.

"மடுவத்துல வச்சு எடுக்கிறதுதானே முறை?"

"நாங்க நாலு வருசமா எடுத்து வாறோம். புத்தகம் இருந்த காலத்தில, மடுவத்தில வாயால கழிச்சுச் சொன்னாலும், எங்களுக்கு எழுதி வாறது முழு நிறைதான். எங்கட கம்பியூட்டர்தான் கழிக்கும்."

 நளீரா நினைத்திருந்தால் அந்தப் பொதியைச் சாக்குக்குள் திரும்பப் போட்டுவிட்டு, 'இதைப் பிறகு பேசுவம்' என்று முடித்திருக்கலாம். எழுபது பேருக்கு முன்னால் யாருக்குத்தான் தன் குழுவைக் காட்டிக்கொடுக்க மனம் வரும்? ஆனால் அவள் அந்தப் பொதியை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் வைத்தாள். "நிப்பாட்ட வேணாம் புஷ்பா. மூணு நிறுவையும் போகட்டும். கடைசியில என்ன வருதெண்டு எல்லாரும் பாக்கோணும்" என்றாள். புஷ்பராணி இன்றைக்கும் அந்த இடத்தைச் சொல்லாமல் விடமாட்டாள். "அவ அன்னைக்கு அந்தப் பொதிய மறைச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்பாள்.

மூன்று முறை போனது. மேசையில் ஆறு பொதி சேர்ந்தது. கடைசியில் பிரவீணன் தன் முன்னால் வந்ததை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினைந்து.

"பதினாறு இருந்தால் முழுப்பேர்" என்று தன் பெட்டியின் வேலையை அவர் சொன்னார். பிறகு மெதுவாக, "பதினைஞ்சு... அரைப்பேர்" என்றார். சிரிப்பு முகத்தில் இல்லை. "இது ஆற்றை பேர்?"

"கருப்பம்மா. எங்க அக்கா" என்றாள் புஷ்பராணி. "அக்கா மட்டுமில்ல சேர், முந்நூறு பேருக்கு மேல இருப்பாங்க. மெஷின் சரின்னு கையெழுத்துப் போட்டது நான். என் பகுதிய மட்டுந்தான் பாத்தேன். அடுத்தவங்க கையில என்ன நடக்குதுன்னு நான் பாக்கல."

சொல்லிவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னாள்.

மத்தியானம் கொழும்பிலிருந்து வந்த பெரிய மேலாளர் எல்லாரையும் கூட்டினார். பிழையை அடுத்த மாதத்திலிருந்து திருத்தினால் போதும் என்பது அவர் எண்ணம். முடிந்ததைக் கிளறினால் தோட்டங்கள் கம்பனியை நம்பாது என்றார். அவர் பேசி முடிக்க முன் பிரவீணன் எழும்பினார். தன் படத்தில் ஒருவன் கைவைத்தால் கோபித்துக்கொள்கிற மனிதர். என்ன சொல்லப்போகிறாரோ என்று புஷ்பராணி பயந்தாள்.

"அந்தப் பிள்ளையள் பறிச்சது பறிச்சதுதான்" என்றார் அவர். "எடுத்தது எங்கடை ரெண்டு பெட்டி. திருப்பி வைக்கவேண்டியதும் நாங்கள்தான். மெஷினிலை முதல் நிறை அப்பிடியே கிடக்குது, திருப்பிக் கணக்குப் பார்க்கலாம். இன்னொண்டு. ரெண்டு பெட்டியும் என்ரை படத்திலை கிடக்குது. ரெண்டு வருசமாய் நானே ஒவ்வொரு நாளும் பார்த்தனான். எனக்குத் தெரியேல்லை. அப்ப அந்தப் படம் ஆருக்கு?"

பழைய கணக்கையும் திருத்தப் பெரிய மேலாளர் ஒப்புக்கொண்டார். புஷ்பராணியின் வேலையைப் பற்றியும் யாரும் பேச்செடுக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் புஷ்பராணி, நளீரா, பிரவீணன் மூவரும் இத்ரூஸ் நானாவின் கடைக்கு மேலே உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினார்கள். இருநூற்றுப் பதினாலு பெட்டி ஏழு பெட்டியானது. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று வரி: வாங்குவது, செய்வது, கொடுப்பது. நாலாவது வரியைக் கேட்டு வாங்கியவள் நளீரா: செய்யாதது. "நாங்க ஈரம் கழிக்கமாட்டோம் எண்டு எழுதியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது" என்றாள் அவள். பெரிய படத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. பிரவீணனே அதை ஏழு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒவ்வொரு துண்டாக வைத்தார். உள்ளே போக வேண்டியவன் போகட்டும், மற்றவனுக்கு முதல் பக்கம் போதும். தன் பெட்டியில் எதையாவது மாற்றுகிற குழு பக்கத்துக் குழுவின் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டார்கள். பக்கத்துக் குழுக்காரன் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் வாயால் சொன்னால்தான் கையெழுத்து. பிறகு வந்த வருடங்களில் கம்பனி இரட்டிப்பாக வளர்ந்தது. அந்தப் பக்கம் ஒரு பக்கமாகவே இருந்தது. சீனிப் பொதியோடு ஆட்களை நிறுத்துகிற வேலை புஷ்பராணிக்கு நிரந்தரமானது.

அதெல்லாம் பிறகு. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் திருத்திய கணக்கு வந்தது. மேட்டுச்சோலையில் மட்டும் முந்நூற்றுப் பதினெட்டுப் பெண்களுக்கு, ஏற்கெனவே கொடுத்த மழை மாதச் சீட்டின் அரைப்பேர்கள் முழுப்பேராக வேண்டியிருந்தன. பட்டியலைத் தபாலில் அனுப்பலாம் என்றார்கள். புஷ்பராணி தானே கொண்டுபோவதாகச் சொன்னாள்.

காலை ஆறரைக்குப் பெரட்டு. அன்றைக்கு யார் எந்த மலைக்குப் போவது என்று ஆட்களைப் பிரிக்கிற நேரம் அது. களம் முழுக்க மூடுபனி. இடுப்பில் ஈரத்துக்குக் கட்டும் படங்குச் சாக்கும் தலையில் கூடைக் கயிறுமாகப் பெண்கள் நின்றார்கள். கணக்கப்பிள்ளை மாரிசாமி படியில் நின்று பட்டியலை வாசித்தார். பெயரும், எத்தனை அரைப்பேர் முழுப்பேராகியது என்பதும். கருப்பம்மா, ஒன்பது. வாசித்து முடிய அரைமணி நேரம் ஆனது. 

தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரையிடம் அனுமதி கேட்டுப் புஷ்பராணி அந்தப் படியில் ஏறினாள். அக்காவை மட்டும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்வை அங்கேதான் போனது.

"நான் பத்தாம் லயத்து இராமையா மக" என்றாள். "மழைக்கு ரெண்டு தரம் கழிச்சிருச்சு எங்க கம்பியூட்டர். அது சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவ நான். சரியாப் பாக்காமப் போட்டுட்டேன். நீங்க பறிச்சதுல ஒரு பிழையும் இல்ல. பிழை எங்களோடது. மன்னிச்சுக்கங்க."

களத்தில் ஒரு சலசலப்பு. ஒரு கிழவி ஏதோ திட்டினாள், நியாயமான திட்டுத்தான். கருப்பம்மாவின் முகம் இறுகியது. தங்கை அவளிடம்கூட அதுவரை அதைச் சொல்லவில்லை அல்லவா. அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். படிக்குக் கீழே நின்று தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாளோ என்றுகூடப் புஷ்பராணிக்குத் தோன்றியது.

கருப்பம்மா திரும்பி, திட்டிய கிழவியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஆத்தா, நீ நாப்பது வருசமா இந்தக் களத்துல நிக்கிற. நான் பதினாலு வருசம். பேரு கொறஞ்சு கேட்டா, மொதல்ல புத்தகத்துல அப்பிடித்தான் இருக்குன்னாங்க. பொறகு கம்பியூட்டர்ல அப்பிடித்தான் இருக்குன்னாங்க. கொறைச்சவன் நான்தான்னு இந்தப் படியில ஏறி நின்ன ஒரு ஆள நீ பாத்திருக்கியா?"

கிழவி தலையை ஆட்டினாள். "இல்ல புள்ள" என்றாள்.

"இப்ப பாத்துக்க" என்றாள் கருப்பம்மா. "எங்க வீட்டு ஆளு."

புஷ்பராணிக்குக் கண் மறைத்தது. மாரிசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அன்றைய வேலையைப் பிரித்தார். கருப்பம்மாவின் ஆட்களுக்கு ஏழாம் நம்பர் மலை. பெண்கள் கூடையைச் சரிசெய்துகொண்டு பனிக்குள் ஏறிப் போனார்கள். கடைசி ஆள் போகும்வரை புஷ்பராணி படியை விட்டு இறங்கவில்லை.